சம்பந்தி வீட்டில் சும்மா இருந்த நாட்கள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வாரா வாரம் இப்படி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடம் இது. போன வாரம் எங்கள் கிணறு தூர் வாரிய கதையை எழுதிவிட்டு, இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று பத்திரிகையைப் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டு வைத்திருந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அதைவிடச் சின்ன விஷயம். ஒரு ஊருக்கு விருந்தாளியாகப் போய், செய்வதற்கு ஒரு வேலையும் கிடைக்காமல் நான் தவித்தது.

புதுச்சேரியில், சாரத்தில், என் சம்பந்தி வீட்டுக் கூடம். மேலே ஃபேன் சுற்றுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் நான். சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம். மெல்ல எழுந்தேன். நாற்காலி கிரீச்சென்றது. நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"இன்னா சம்பந்தி, எதனா வேணுமா?"

"இல்ல சம்பந்தி. சும்மாதான். வெங்காயம் உரிக்கட்டுமா?"

"ஐயையோ! நீங்க ஒக்காருங்க. பொண்ணு குடுத்தவங்கள வேலை வாங்குனேன்னா என்னை இந்தத் தெருவுல எவ மதிப்பா?"

உட்கார்ந்தேன். மறுபடி நறுக்கும் சத்தம் கேட்டது.

வந்த காரியம்

என் மகள் ரேவதியை அந்த வீட்டில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவருடைய அம்மாதான் இந்தச் சம்பந்தியம்மா. கணவர் தவறிவிட்டார். மகன், மருமகள், இவர் என்று மூன்று பேர் இருக்கும் வீடு.

ரேவதிக்கு முதல் பிள்ளை. வளைகாப்பு போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் வழக்கம். நாங்களும் திண்டிவனம் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களோடு வந்தோம். திரும்பும்போது ரேவதிக்கு முன் சீட் என்று வரும்போதே பேசி வைத்திருந்தோம்.

வளைகாப்பு முடிந்து பந்தி எழுந்ததும் சம்பந்தியம்மா என்னை ஓரமாக அழைத்தார். "பெரிய ஆஸ்பத்திரியில ஒரு செக்கப் பாக்கி இருக்கு சம்பந்தி. அது முடிஞ்சதும் பாத்துக்கலாம். நீங்க வேணா கூட இருங்க."

வேன் திரும்பிப் போனது. என் கணவரும் மாட்டைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே போய்விட்டார். நான் மட்டும் ஒரு பையோடு தங்கினேன்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேட்டுக்குப் போனோம். வெளியூர் பஸ்களில் வந்து இறங்கியவர்கள், தூக்குவாளியும் தலையணையுமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு நாங்களும் காத்திருந்து செக்கப் முடித்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மா சாத்துக்குடி பிழிந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அழைத்துப் போவது பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவர்களாகத்தான் "கூட்டினு போங்க" என்று சொல்ல வேண்டும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் நாமே வாயைத் திறந்து கேட்டால், அவர்கள் சொன்ன சொல்லை நம்பவில்லை என்றாகிவிடும். சாதாரணமாகவே நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச மாட்டேன். இதை எப்படிக் கேட்பேன்?

ஊரில் எல்லாம் தயாராக இருந்தது. சின்ன அறைக்கு வெள்ளை அடித்திருந்தேன். கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க வேண்டிய சுக்கும் மிளகும் திப்பிலியும் வெயிலில் காய்ந்து டப்பாவில் இருந்தன. நாட்டுக்கோழி இரண்டை யாருக்கும் விற்காமல் வைத்திருந்தேன்.

ரேவதியிடம் கேட்டேன். "எப்படி பாப்பா, எப்ப கெளம்பலாம்?"

"அத்தைய கேளும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உட்காரத் தெரியாதவள்

எனக்கு உட்காரத் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. களை எடுக்க, மாட்டுக்குத் தீனி வைக்க, சாணி வார என்று விடிந்ததிலிருந்து ஏதாவது இருக்கும். கை சும்மா இருந்தால் யாருடைய கையோ மடியில் கிடப்பதுபோல் தோன்றும்.

சம்பந்தியம்மா வீட்டில் என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் குழாயை மூடிவிடுவார். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் துணி மடித்து வைத்தேன். வந்து பார்த்தார். எல்லாவற்றையும் உதறி மறுபடி மடித்தார்.

பெண் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று என் அம்மாவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அவள் வந்தால், வாசலில் செருப்பைத் தெருப் பக்கம் பார்க்கத் திருப்பி விட்டுத்தான் உள்ளே நுழைவாள். ஒரு டம்ளர் காபி, நாலு வார்த்தை, அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரம் இருந்தாலும் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்வாள். "ஏம்மா, இன்னும் ஒருநாள் இருந்துட்டுத்தான் போயேன்" என்றால், "எதுக்கு? உன் மாமியா என் முகத்தப் பாத்துப் பாத்து சலிச்சுக்கறதுக்கா?" என்பாள். அம்மா கெட்டிக்காரி என்று சாரத்தில் உட்கார்ந்துகொண்டு தினமும் நினைத்தேன்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். காலையில் நான் வாசலில் நின்றால் தொப்பியை லேசாகத் தூக்கி, "போன்ழூர் மதாம்" என்பார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முதல் நாள், "சாப்ட்டாச்சுங்க" என்றேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார். மறுநாளிலிருந்து அவர் நேரம் தெரிந்து உள்ளே போய்விடுவேன். ஒருநாளில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஊர் சுற்றியது

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடக்க ஆரம்பித்தேன். கோயிலுக்கும் போனேன். ஆனால் கோயிலில் எவ்வளவு நேரம் சுற்ற முடியும்? சாமிக்கே சலித்துப் போயிருக்கும்.

கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வைத்த தெருக்களில் வெளியூர்ப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என் கையில் போனைக் கொடுத்து, "ஆன்ட்டி, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்களேன்" என்றாள். எடுத்தேன். நன்றாக வந்துவிட்டது போல. அதைப் பார்த்து அடுத்து ஒரு கூட்டம் வந்தது. அப்புறம் இன்னொரு ஜோடி. "இன்னும் கொஞ்சம் கீழ ஒக்காந்து எடுங்க ஆன்ட்டி, செவுரு முழுசா வரணும்." உட்கார்ந்து எடுத்தேன். அவர்கள் போன பிறகும் யாராவது கேட்பார்களா என்று அங்கேயே நின்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஆனால் அந்த ஊரில் பல கடைகளில் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம்தான் திறப்பார்கள். தெருவில் நாயும் நானும்தான். நாய் நிழல் பார்த்துப் படுத்துவிட்டது.

நெத்திலி வாசனை

அப்படி நடந்த ஒரு காலையில் வைத்திக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். மணலில் படகுகள் நின்றிருந்தன. ரோட்டோரம் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். என் வயதுள்ள ஒரு அம்மாள் நெத்திலியைத் தலை கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் விரல் போகிற வேகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

"இந்தாம்மா, வாங்கறியா, வேடிக்கை பாக்கறியா?"

"சும்மாதான்க்கா பாத்துகினு இருக்கேன்."

"நிக்கறதுதான் நிக்கற, எனக்கு வெயில் மறைக்கிற மாதிரி நில்லு."

தள்ளி நின்றேன். என் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் கொஞ்சம் கிள்ளட்டுமாக்கா?" என்று கேட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு குவியலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"எந்த ஊரு? ஆஸ்பத்திரிக்கு வந்தியா?"

"திண்டிவனம் பக்கம். பொண்ணு வீட்டுக்கு வந்தேன்."

"அதான பாத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எங்கனா துண்டை விரிச்சிப் படுத்துருவாங்க. பொண்ணு வீட்டுக்கு வந்தவங்கதான் கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம நிப்பாங்க. இன்னா, பொண்ணு முழுவாம இருக்கா?"

"ஆமாக்கா. கூட்டினு போலாம்னு வந்தேன்."

"அனுப்ப மாட்றாங்களா?"

நான் அடுத்த மீனை எடுத்துத் தலை கிள்ளினேன்.

"வாயத் தொறந்து கேட்டியா?"

"அவங்களா சொல்லணுமில்லக்கா."

"நல்லா இருக்குது போ! மீனே கரைக்கு வரட்டும்னு எங்க வீட்டு ஆம்பளைங்களும் குந்தினு இருந்தாங்கன்னா, நாங்க இன்னாத்த விக்கிறது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தேன். கிளம்பும்போது ஒரு பிடி நெத்திலியைக் கவரில் போட்டு நீட்டினார். கேட்காமல் மீனோடு போய் நின்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று வேண்டாம் என்றுவிட்டேன். கையை மணலில் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நெத்திலி வாசனை மணலுக்குப் போகுமா? உள்ளே நுழைந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கியதுமே சம்பந்தியம்மா மூக்கைச் சுருக்கினார்.

"மீன் வாங்கினீங்களா?"

"இல்லையே சம்பந்தி."

"வாசனை அடிக்குதே." சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வெளியில எங்கனா சாப்ட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சம்பந்தி. அங்க ஒரு அம்மா நெத்திலி கிள்ளிகினு இருந்தாங்க. கூட ஒக்காந்து..." என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்போலக் கேட்டது. முகம் தெரியாத ஒருத்திக்கு மீன் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

ரேவதிக்கு மீன் வாடை குமட்டும் என்பதால் அந்த வீட்டில் சில மாதமாக மீன் சமைப்பதில்லை. அன்று ராத்திரி சம்பந்தியம்மா வஞ்சிரம் வாங்கி வந்து, ரேவதி அறைக் கதவைச் சாத்திவிட்டு, வறுத்து என் தட்டில் வைத்தார். ஒரு துண்டு இல்லை, மூன்று துண்டு.

"சாப்பிடுங்க. நம்ம வீட்ல மீன் போடலன்னு ஒரு குறை வேணாம்."

முள் இல்லாத மீன்தான். இருந்தும் விழுங்க முடியவில்லை.

மாடியில்

மறுநாள் விடிந்ததும் யாரும் எழுந்திருக்கும் முன் மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே பத்துப் பதினைந்து தொட்டிகள் இருந்தன. ரோஜா, கற்பூரவல்லி, கத்திரி. ஓரத்தில் ஒரு பெரிய தொட்டி முழுக்கக் கோரை!

எங்கள் பக்கம் கோரையைக் கண்டால் விடமாட்டோம். நெல்லில் வந்தால் நெல்லைத் தின்றுவிடும். மேலே அறுத்தால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் வரும். இந்தக் கோரை இடுப்பு உயரத்துக்கு, உச்சியில் குடைபோல விரிந்து, அவ்வளவு செழிப்பாக நின்றது. பாவம், வயதான அம்மா குனிந்து பிடுங்க முடியாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மண்ணைக் கிளறி, ஒரு வேர்கூட மிஞ்சாமல் பிடுங்கினேன். மண்ணை உதறி, வெயில் விழும் இடமாகப் பார்த்துக் காயப் போட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு முதுகு வியர்த்தது! உடம்பே லேசானதுபோல் இருந்தது.

துணி காயப்போட வந்த சம்பந்தியம்மா வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சம்பந்தி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கோரை சம்பந்தி. வேரோட எடுத்துட்டேன். இனிமே வராது."

"எம்புள்ள நர்சரியில போய் ஆசை ஆசையா வாங்கினு வந்தது அது!"

"கோரையா?"

"கோரைதான். காசு குடுத்து வாங்கின கோரை."

கோரையைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்துவிட்டது.

"பின்ன நான் இன்னாதான் செய்யறது? குனிய விடல, நிமிர விடல, ஒக்கார வெச்சே கொல்றீங்களே! எம்பொண்ண அனுப்பிடுங்க சம்பந்தி, நான் போய்டறேன். அனுப்பறதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் இருந்த காக்கா பறந்துவிட்டது.

சம்பந்தியம்மா வாளியைக் கீழே வைத்தார். படியில் உட்கார்ந்தார். "நானா அனுப்பலன்றேன்? எத்தினி நாளைக்குத்தான் நானே கெட்டவளா இருக்கறது? உங்க பொண்ண கேளுங்க."

ஏரிக்கரை ரோடு

சத்தம் கேட்டு ரேவதி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்திருந்தாள். மாமியாரைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா அத்தை?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு."

"அம்மா, நான் வரலம்மா" என்றாள். "எனக்குத் தேதி குடுத்திருக்கறது அடை மழை மாசம். மழை பேஞ்சா நம்ம ஏரிக்கரை ரோடு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? மல்லிகாக்கா மருமவ கத, மறந்துட்டியா?"

மல்லிகா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. போன மழைக்காலத்தில் அவள் மருமகளுக்கு வலி எடுத்து ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். ஏரிக்கரையில் தண்ணீர் ஏறி ஆட்டோ நின்றுவிட்டது. அந்த ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆட்டோக்காரன் பயந்துபோய்ப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான் என்று எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

"எல்லாரும் சிரிக்கறீங்க. எனக்கு அதையே நெனச்சினு தூக்கம் வரல. இங்க வலி எடுத்தா கொஞ்ச நேரத்துல கோரிமேடு போய்டலாம். உங்கிட்ட சொன்னா உம்மூஞ்சி இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். அதான் அத்தைகிட்ட சொன்னேன், எம்பேரைச் சொல்லாதீங்கன்னு."

அந்தச் சின்ன அறையின் வெள்ளைச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கையெல்லாம் மண்ணாக இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. ரேவதிதான் அவள் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். அப்படித் துடைக்கும்போது அவள் வயிறு என் தோளில் இடித்தது. உள்ளே இருந்த பிள்ளையும் ஒரு உதை விட்டது. அவ்வளவு மழையில், அந்தத் தண்ணீருக்கு நடுவே இவள் ஒரு ஆட்டோவில் உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"இங்கயே இருக்கட்டும் சம்பந்தி" என்றேன்.

சம்பந்தியம்மா படியிலிருந்து எழுந்தார். பிறகு சொன்னார்: "உங்க ஊர்ல வாய் சும்மா இருக்குமா? தலைப் பிரசவத்துக்குப் பொண்ண கூட்டினு வரலையான்னு கேப்பாங்க. மாமியாக்காரி அனுப்ப மாட்டேன்னுட்டான்னு சொல்லிடுங்க. எம்மேல போடுங்க. நான் அங்க வந்து கேக்கவா போறேன்?"

"நீங்க ஏன் சம்பந்தி பழிய ஏத்துக்கணும்?"

"இத்தினி நாளா ஏத்துகினுதான இருக்கேன். பழகிப்போச்சு."

மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து வந்து மாடிக்குப் போனார். கீழே இறங்கி வந்து, "சரி விடுங்க அத்தை" என்று மட்டும் சொன்னார். பாவம், குளிக்காமலே படுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பொழுது சாயும் வரைக்கும் அப்படியே இருந்தேன்.

மறுநாள் காலை திண்டிவனம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் இறங்கியபோது மல்லிகா பால் கேனோடு நின்றிருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க உம்பொண்ணு?" என்று கேட்டாள்.

"அவ வரலன்னு சொல்லிட்டா" என்றேன்.